பஸ் போயிடுச்சு: ஸ்பானியத்தில் முந்திய இறந்தகாலம்

“நான் வர்றதுக்குள்ள பஸ் போயிடுச்சுண்ணா.”

முசரவாக்கத்தில் நின்றுகொண்டு, காஞ்சிபுரத்தில் காத்திருப்பவருக்குப் போனில் சொல்லும் வாக்கியம் இது. நடந்தவை இரண்டு. பஸ் கிளம்பியது முதலில். ஆள் வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு. எது முன், எது பின் என்பதை ‘வர்றதுக்குள்ள’ என்ற ஒரே சொல் காட்டிவிடுவதால், ‘போயிருந்தது’ என்று இழுக்காமல் ‘போயிடுச்சு’ என்றே பேச்சுத்தமிழ் முடித்துக்கொள்கிறது. ஸ்பானியம் அப்படி விடாது. அங்கே இப்படித்தான் சொல்ல வேண்டும்:

குவாந்தோ யெகே, எல் அவுத்தொபூஸ் யா அபீயா ஸலீதோ.
(நான் வந்தபோது பஸ் ஏற்கெனவே போயிருந்தது.)

இப்போது இன்னொரு வாக்கியம். “நேத்து உங்க தம்பி கடைக்கு வந்திருந்தாரு.” தமிழில் ‘இருந்தாரு’ தெளிவாக இருக்கிறது. ஸ்பானியத்திலோ வெறும் ‘வந்தார்’ போதும்:

அயேர் பீனோ ஸு எர்மானோ அ லா தியேந்தா.

இங்கே ‘அபீயா பெனீதோ’ என்று சொன்னால், கேட்பவர் உங்கள் அடுத்த வாக்கியத்துக்காகக் காத்திருப்பார். எதற்கு முன்னால் வந்திருந்தார், அப்புறம் என்ன ஆயிற்று என்ற கேள்வி அவர் முகத்தில் நிற்கும்.

தமிழ் ‘இரு’ போடாத இடத்தில் ஸ்பானியம் அதைக் கேட்கிறது. தமிழ் தாராளமாகப் போடும் இடத்தில் வேண்டாம் என்கிறது. இந்தக் காலத்தை அமைக்கும் முறையை ஒரே மாலையில் கற்றுவிடலாம். எங்கே போடுவது, எங்கே விடுவது என்பதில்தான் தமிழர்களுக்கு உழைப்பு தேவை. அதனால் இந்த அத்தியாயத்தில் அமைப்பைச் சுருக்கமாக முடித்துவிட்டு, பயன்பாட்டுக்கு அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன். கோவிலையும் தறியையும் வெளிநாட்டவருக்குச் சுற்றிக் காட்டுபவர்களுக்கான நூல் என்பதால் எடுத்துக்காட்டுகளும் அங்கிருந்தே வருகின்றன. செர்வாந்தெஸ் நிறுவனத்தின் பாடத்திட்டத்தில் இது பி1 நிலைப் பாடம்; தெலே தேர்வை மனதில் வைத்திருப்பவர்கள் இதைத் தாண்டாமல் போக முடியாது.

வாய்க்கு எளிது

ஸ்பானியத்தில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் த, ப, க மூன்றும் மெல்ல ஒலிப்பவை. ‘அது’ என்பதில் உள்ள த, ‘மரபு’ என்பதில் உள்ள ப, ‘மகன்’ என்பதில் உள்ள க ஆகியவற்றைப் போலவே நாக்கும் உதடும் லேசாகத் தொட்டு விலகும். ‘ஸலீதோ’, ‘அபீயா’, ‘யெகாதோ’ என்று தமிழில் எழுதியிருப்பதைத் தமிழாகவே படியுங்கள், சரியாக வரும். ஆங்கிலம் வழியாக ஸ்பானியம் படித்தவர்கள் இந்த இடத்தில் ‘டோ’ என்று அழுத்துவார்கள். அந்தப் பழக்கம் உங்களுக்கு இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள்.

வல்லினம் இரட்டித்திருந்தால் அழுத்திச் சொல்ல வேண்டும்: எஸ்க்ரீத்தோ, ரோத்தோ. சொல்லின் முதலில் வரும் ப, த இரண்டிலும் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். பெனீர், பீனோ, பீஸ்தோ, புவெல்தோ ஆகியவற்றில் ‘பஸ்’ஸின் ப. புவெஸ்தோ, புவேர்த்தா ஆகியவற்றில் ‘பல்’லின் ப. தீஹோ, தீச்சோ, தெஸ்புவேஸ், தெஹாதோ, ‘தெ’ ஆகியவற்றில் பேச்சில் ‘தோசை’ என்று சொல்லும்போது வரும் த. தெஹேர், தெலார், தேம்ப்லோ, தியேந்தா ஆகியவற்றில் ‘தமிழ்’ என்பதன் த.

எழுதும்போது: ‘அபீயா’வின் முன்னால் ‘ஆச்சே’ என்ற ஒலிக்காத எழுத்து ஒன்று உண்டு. நடுவில் உள்ள ‘ஈ’யின் மேல் ‘தில்தே’ என்னும் சாய்கோடு கட்டாயம். ஆறு வடிவங்களிலும் அந்தக் கோடு உண்டு, விட்டால் பிழை.

அமைப்பு

தமிழில் ‘வந்து’ என்ற வினையெச்சத்தோடு ‘இருந்தேன், இருந்தாய், இருந்தார்’ சேர்கிறது. ‘வந்து’ மாறுவதில்லை; ஆளுக்கு ஏற்ப மாறுவது ‘இரு’ மட்டும். ஸ்பானியத்திலும் அதே ஏற்பாடுதான். ‘அபேர்’ என்ற துணைவினை ஆளுக்கு ஏற்ப மாறும். பின்னால் வரும் சொல் மாறாது. வரிசைதான் தலைகீழ்: துணைவினை முன்னால், முதன்மை வினை பின்னால்.

யோ அபீயா (நான்)
தூ அபீயாஸ் (நீ)
ஏல், ஏயா, உஸ்தேத் அபீயா (அவன், அவள், நீங்கள்)
நொஸோத்ரோஸ் அபீயாமோஸ் (நாங்கள், நாம்)
பொஸோத்ரோஸ் அபீயாய்ஸ் (நீங்கள் பலர்; ஸ்பெயினில் நெருக்கமானவர்களிடம்)
ஏயோஸ், உஸ்தேதெஸ் அபீயான் (அவர்கள், நீங்கள் பலர்)

முதல் வரியும் மூன்றாம் வரியும் ஒன்றே. தமிழில் ‘இருந்தேன்’ என்றாலே ‘நான்’ என்று தெரிந்துவிடுவதால் எழுவாயை விட்டுவிட்டுப் பேசிப் பழகியிருக்கிறோம். இங்கே ‘அபீயா தெஹீதோ’ என்று மட்டும் சொன்னால் நெய்தது நானா, அவரா, நீங்களா என்று தெரியாது. குழப்பம் வரும் இடத்தில் ‘யோ’ என்று சேர்த்துச் சொல்லுங்கள். இன்னொன்று: மரியாதைக்குரிய ‘உஸ்தேத்’ ‘அவர்’ என்பதற்குரிய வடிவத்தையே எடுக்கும். சுற்றுலா வந்தவரிடம் எப்போதும் உஸ்தேத்தான். அவராகவே ‘தூ’ என்று பேசச் சொன்னால் மாறிக்கொள்ளலாம்.

பின்னால் வரும் சொல்லை அமைப்பது எளிது. ‘ஆர்’ என்று முடியும் வினைகள் ‘ஆதோ’ ஆகும்: கொம்ப்ரார் (வாங்கு), கொம்ப்ராதோ, யெகார் (வந்து சேர்), யெகாதோ. ‘ஏர்’, ‘ஈர்’ இரண்டும் ‘ஈதோ’ ஆகும்: தெஹேர் (நெய்), தெஹீதோ, பெந்தேர் (விற்பனை செய்), பெந்தீதோ, ஸலீர் (புறப்படு, வெளியே வா), ஸலீதோ, ஈர் (போ), ஈதோ. லெயேர் (படி), ஒயீர் (கேள்), த்ரயேர் (கொண்டு வா) போன்றவற்றில் உயிரோடு உயிர் ஒட்டுவதால் லெயீதோ, ஒயீதோ, த்ரயீதோ என்று எழுதும்போது ‘ஈ’யின் மேல் சாய்கோடு போட வேண்டும்.

விதிக்கு அடங்காதவை சில. அவை அன்றாடம் புழங்கும் சொற்கள் என்பதால் மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. அஸேர் (செய்) ஏச்சோ ஆகும். தெஸீர் (சொல்) தீச்சோ. பேர் (பார்) பீஸ்தோ. எஸ்க்ரிபீர் (எழுது) எஸ்க்ரீத்தோ. பொனேர் (வை) புவெஸ்தோ. பொல்பேர் (திரும்பு) புவெல்தோ. அப்ரீர் (திற) அபியேர்த்தோ. ரொம்பேர் (உடை, அறு) ரோத்தோ. மொரீர் (இற) முவேர்த்தோ. இவற்றோடு முன்னொட்டு சேர்ந்து பிறந்த வினைகளும் அதே வழியில் போகும்: தெபொல்பேர் (திருப்பிக் கொடு) தெபுவெல்தோ.

‘லா ஸேதா’ (பட்டு) பெண்பால் சொல். அதனால் ‘அபீயாமோஸ் கொம்ப்ராதா லா ஸேதா’ என்று பலர் எழுதுகிறார்கள். தவறு. அபேருடன் வரும் சொல் எப்போதும் ‘ஓ’விலேயே முடியும்: அபீயாமோஸ் கொம்ப்ராதோ லா ஸேதா.

அபேருக்கும் அதன் துணைக்கும் நடுவே எதையும் நுழைக்காதீர்கள். ‘இல்லை’ என்ற நோ, ‘அதை’ என்ற லோ, ‘ஏற்கெனவே’ என்ற யா எல்லாம் அபீயாவுக்கு முன்னால்: நோ லோ அபீயா பீஸ்தோ (அதை நான் பார்த்திருக்கவில்லை). விலை பேசும்போது ‘யா ஸே லோ அபீயா தீச்சோ’ (அதைத்தான் முதலிலேயே சொல்லியிருந்தேனே) என்ற வாக்கியம் நாக்கு நுனியில் வரும். இலக்கணப்படி சரி, ஆனால் கேட்பவரைக் கடிந்துகொள்ளும் தொனி அதில் உண்டு. வாடிக்கையாளரிடம் தவிர்ப்பது நல்லது.

கோவிலில் இதற்கு ஓயாத வேலை

காஞ்சிபுரம் போன்ற ஊரைச் சுற்றிக் காட்டுபவருக்கு இந்தக் காலம் இல்லாமல் பேச்சே நகராது. ஒரு பழமையைச் சொல்லி, அதற்கும் முந்திய பழமைக்குத் தாவிக்கொண்டே இருக்க வேண்டிய ஊர் இது.

யுவான் சுவாங் 7-ஆம் நூற்றாண்டில் காஞ்சிக்கு வந்தார். இராஜசிம்மன் கைலாசநாதர் கோவிலைக் கட்டியது அதற்குப் பிறகு. ஆகவே:

குவாந்தோ யுவான் சுவாங் யெகோ அ காஞ்சி, தொதபீயா நோ அபீயான் கொன்ஸ்த்ருயீதோ எல் தேம்ப்லோ தெ கைலாஸநாதா.
(யுவான் சுவாங் காஞ்சிக்கு வந்தபோது கைலாசநாதர் கோவிலை இன்னும் கட்டியிருக்கவில்லை.)

இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். ‘அபீயான்’ என்பது ‘அவர்கள்’ என்பதற்குரிய வடிவம். யார் என்று பெயர் சொல்லத் தேவையில்லாதபோது ஸ்பானியம் இதைப் பயன்படுத்துகிறது. ‘நடை சாத்திட்டாங்க’ என்று நாம் சொல்வது போலத்தான். ‘தொதபீயா நோ’ என்பது ‘இன்னும் இல்லை’. ‘யா’வும் ‘தொதபீயா நோ’வும் இந்தக் காலத்தோடு அடிக்கடி சேர்ந்து வருபவை.

ஏகாம்பரநாதர் கோவிலின் ராஜகோபுரத்தின் கீழ் நிற்கும்போது:

குவாந்தோ கிருஷ்ணதேவராயா லெபந்தோ எஸ்தா தோர்ரே, லோஸ் பல்லவாஸ் யா அபீயான் தெஸப்பரெஸீதோ.
(கிருஷ்ணதேவராயர் இந்தக் கோபுரத்தை எழுப்பியபோது பல்லவர்கள் ஏற்கெனவே மறைந்திருந்தார்கள்.)

வரதராஜப் பெருமாள் கோவிலில் கேள்வி வராமல் இருக்காது. அத்தி வரதர் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் தரிசனம் தந்து, மீண்டும் அனந்தசரஸ் குளத்துக்குள் சென்றார். அதற்கு முன் 1979-இல் எழுந்தருளியிருந்தார். இதை நடந்த வரிசைப்படி 1979, 2019 என்று சொன்னால் இரண்டுக்கும் சாதாரண இறந்தகாலமே போதும். ஆனால் கேட்பவருக்கு 2019 தான் நெருக்கம். அங்கிருந்து தொடங்கிப் பின்னால் போவதுதான் இயல்பு:

என் 2019 அத்தி வரதர் ஸலியோ தெல் ஆக்வா. அந்தெஸ் அபீயா ஸலீதோ என் 1979.

முதலில் சொன்ன 2019 தான் இந்த வாக்கியத்தில் நாம் நிற்கும் நேரம். அங்கே நின்று திரும்பிப் பார்ப்பதால் 1979-க்கு அபீயா. இந்த ‘நிற்கும் நேரம்’ கண்டிப்பாக இறந்தகாலத்தில் இருக்க வேண்டும். வாக்கியத்திலோ முந்தைய வாக்கியத்திலோ அது கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லையென்றால் அபீயாவுக்கு வேலை இல்லை. அத்தியாயம் முழுக்க இந்த ஒரு சோதனையை விடாமல் பயன்படுத்துங்கள்.

அந்த நாட்களில் கூடிய கூட்டத்தைச் சொல்லும்போது ‘அபீயா மூச்சா ஹேந்தே’ என்பீர்கள். ‘ஏராளமான ஜனம் இருந்தது’ என்று பொருள். அதே அபீயாதான், ஆனால் பின்னால் ‘ஆதோ, ஈதோ’ இல்லை. அங்கே அது தனிவினை. நம் பாடத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தமிழர் தடுக்கும் நான்கு இடங்கள்

முதலாவதைத் தொடக்கத்திலேயே பார்த்தோம். ‘வந்திருந்தாரு’, ‘சொல்லியிருந்தேன்’, ‘கல்யாணத்துக்குப் போயிருந்தோம்’ என்று தமிழில் தனியாகச் சொல்லலாம். வந்தவர் திரும்பிப் போய்விட்டார், அந்த நிகழ்ச்சி முடிந்துபோனது என்ற உணர்வைத் தமிழ் ‘இரு’ தருகிறது. அதற்கு இன்னொரு சம்பவம் பக்கத்தில் தேவையில்லை. நம் ஊர் ஆங்கிலத்தில் ‘நேற்று நான் போயிருந்தேன்’ என்ற பொருளில் அந்த மொழியின் முந்திய இறந்தகாலத்தைப் போட்டுவிடும் வழக்கம் பரவலாக இருக்கிறதே, அதற்கும் வேர் இதுதான். ஸ்பானியத்துக்கும் அது தொற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ‘போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம்’ என்பதற்கு ‘லா ஸெமானா பஸாதா ஃபுயிமோஸ் அ ஊனா போதா’ (போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் போனோம்) என்பதோடு நிறுத்துங்கள்.

இரண்டாவது இதற்கு நேர் எதிர். ‘போயிடுச்சு’, ‘சாத்திட்டாங்க’, ‘முடிச்சுட்டாரு’ ஆகியவற்றில் ‘இரு’ இல்லாததால் சாதாரண இறந்தகாலம் என்று நினைத்துவிடுகிறோம். மதியம் நடை சாத்திய பிறகு கோவிலுக்குப் போய்ச் சேர்ந்ததைச் சொல்ல வேண்டும். ‘குவாந்தோ யெகாமோஸ், செர்ராரோன் எல் தேம்ப்லோ’ என்றால் நாங்கள் வந்தோம், உடனே கதவைச் சாத்தினார்கள் என்று ஆகிவிடும். எங்கள் முகத்துக்கு நேரே சாத்தியதாகக் கேட்பவர் எடுத்துக்கொள்வார். வருவதற்கு முன்பே சாத்திவிட்டார்கள் என்றால்: குவாந்தோ யெகாமோஸ், யா அபீயான் செர்ராதோ எல் தேம்ப்லோ. இங்கே ஒரு அபீயானில் பொருளே மாறுகிறது.

மூன்றாவதுதான் அதிகம் படுத்துவது. “தாத்தா தறிக்குப் பக்கத்துல உட்கார்ந்திருந்தாரு.” இந்த ‘இருந்தாரு’ எதற்கும் முந்தியதல்ல, அப்போது அவர் இருந்த நிலை. ஸ்பானியத்தில் இதற்கு அபேர் ஆகாது. ‘எஸ்தார்’ வேண்டும்: எல் அபுவேலோ எஸ்தாபா ஸெந்தாதோ ஹூந்தோ அல் தெலார். ‘ஸே அபீயா ஸெந்தாதோ’ என்றால் உட்காரும் செயல் அதற்கு முன்பே முடிந்திருந்தது என்று பொருள். படுத்திருந்தார், சாய்ந்திருந்தார், கடை மூடியிருந்தது, பாவு அறுந்திருந்தது, சேலை மடித்து வைத்திருந்தது எல்லாம் இந்த வகைதான். கண்ணால் பார்த்த நிலையைச் சொல்கிறீர்களா, அந்த நிலையை உண்டாக்கிய செயலைச் சொல்கிறீர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். நிலை என்றால் எஸ்தாபா. அப்போது பால், எண் எல்லாம் ஒத்துப்போக வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்: லா தியேந்தா எஸ்தாபா செர்ராதா (கடை மூடியிருந்தது). செயல் என்றால் அபீயான் செர்ராதோ லா தியேந்தா (கடையை மூடியிருந்தார்கள்). முன்னதில் செர்ராதா, பின்னதில் செர்ராதோ.

இதோடு ஒட்டியது ‘நெய்துகொண்டிருந்தார்கள்’. காஞ்சிப் பட்டுக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது இங்கே நூற்றாண்டுகளாக நெய்துகொண்டுதான் இருந்தார்கள். அந்த வேலை முடியவில்லை, தொடர்ந்தது. ஆகவே அபீயான் தெஹீதோ பொருந்தாது. ‘யெபாபான் ஸீக்லோஸ் தெஹியேந்தோ’ (நூற்றாண்டுகளாக நெய்துவந்தார்கள்) என்பதே சரி.

நான்காவது ‘என்று’. “‘திங்கட்கிழமையே சேலையை முடிச்சுட்டேன்’னு நெசவாளர் சொன்னாரு.” அவர் வாயிலிருந்து வந்த சொல்லை அப்படியே வைத்து ‘னு’ ஒட்டுவது நம் வழக்கம். ஸ்பானியம் இரண்டை மாற்றுகிறது: ‘முடிச்சுட்டேன்’ என்ற நான், அவர் ஆகிறது, காலம் ஒரு படி பின்னால் போகிறது.

எல் தெஹெதோர் மெ தீஹோ கே அபீயா தெர்மினாதோ எல் ஸாரி எல் லூனெஸ்.

சொன்னார், எழுதினார், விளக்கினார் என்று இறந்தகாலத்தில் வந்தால்தான் இந்த மாற்றம். ‘தீஸே கே’ (சொல்கிறார்) என்றால் பின்னால் தள்ள வேண்டாம். மொழிபெயர்ப்பாளராக நடுவில் நிற்பவர் நாள் முழுக்கச் செய்யும் வேலை இது: நெசவாளர் தமிழில் சொல்ல, நீங்கள் ‘தீஹோ கே’ என்று தொடங்க வேண்டும். கண்டேன், உணர்ந்தேன் என்ற வினைகளுக்கும் இதே விதி. அறைக்குத் திரும்பிய பயணி உங்களைக் கூப்பிட்டு ‘பீ கே அபீயா தெஹாதோ எல் தெலேஃபொனோ என் லா தியேந்தா’ என்பார். போனைக் கடையிலேயே விட்டுவந்ததைப் பிறகுதான் கவனித்திருக்கிறார்.

நூங்கா அபீயா பீஸ்தோ

தறிமேட்டில் நீங்கள் அதிகம் கேட்கப்போகும் வாக்கியம் இதுவாகத்தான் இருக்கும். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று தனித்தனி நாடா ஓட்டி, ஒவ்வொரு ஊடைக்கும் கரையை உடலோடு கோத்துக்கொண்டே போகும் கோர்வை வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் சொல்வார்:

நூங்கா அபீயா பீஸ்தோ ஊனா ஸேதா அஸீ.
(இப்படி ஒரு பட்டை இதுவரை பார்த்ததே இல்லை.)

இங்கே இன்னொரு இறந்தகாலச் சம்பவம் எங்கே என்று தேடாதீர்கள். பார்த்துவிட்ட இந்தக் கணம்தான் அது. இதற்கு முன் பார்த்ததில்லை, இப்போது பார்த்துவிட்டேன் என்பது உள்ளே அடக்கம். ‘நூங்கா எ பீஸ்தோ’ என்று நிகழ்கால அபேரைப் போட்டால், ஸ்பெயின்காரர் காதில் இன்று வரைக்கும் பார்க்கவில்லை என்று விழும். கையில் சேலையை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்வது பொருந்தாது. முதல்முறை அனுபவம் எதற்கும் இதே வடிவம்தான். நீங்களும் பயன்படுத்துங்கள்: நூங்கா அபீயா ஒயீதோ எஸா பலாப்ரா (அந்தச் சொல்லை இதுவரை கேட்டதில்லை). புதுச் சொல் ஒன்றைக் கற்றுக்கொடுத்த பயணிக்கு அதைவிட மகிழ்ச்சி தரும் பதில் கிடையாது.

வலென்ஸியாவிலிருந்து வருகிறவர்களிடம் இந்த உரையாடல் நீளும். 1482-இல் தொடங்கிக் கட்டிய பட்டு வணிக மாளிகை அவர்கள் ஊரில் இன்றும் நிற்கிறது. 1996 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. ஃபாயாஸ் விழா உடைக்கான பூவேலைப் பட்டைக் கைத்தறியில் நெய்தவர்கள் அவர்கள். தெலார் என்றால் தறி, உர்தீம்ப்ரே என்றால் பாவு, த்ராமா என்றால் ஊடை, லன்ஸதேரா என்றால் நாடா. இந்த நான்கு சொல்லும் தெரிந்தால், அவர் கேட்கும் கேள்விகளுக்குக் கையைக் காட்டாமல் வாயாலேயே பதில் சொல்லலாம்.

வேண்டாத இடம்

நடந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போனால் சாதாரண இறந்தகாலம் போதும். ‘காலைல சாப்பிட்டுட்டு வந்தேன்’ என்பதில் உள்ள ‘ட்டு’வைப் பார்த்து அபீயா கொமீதோ என்று ஆரம்பிக்காதீர்கள். கொமீ இ பீனே (சாப்பிட்டேன், வந்தேன்) அல்லது தெஸ்புவேஸ் தெ கொமேர், பீனே (சாப்பிட்ட பின் வந்தேன்). பாவு பிணைத்து, ஊடை ஓட்டி, முந்தி நெய்து, சேலையை அறுத்து இறக்கியதை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லும்போதும் அப்படியே. ஒவ்வொரு வினைக்கும் அபீயா போட்டால் கேட்பவருக்குக் கதை நகராமல் நிற்பது போலிருக்கும்.

வேறு நாட்டு நூல் கையில் கிடைத்தால் பெயர் மாறியிருக்கலாம். ஸ்பெயின் நூல்களில் ‘புளுஸ்குவாம்பெர்ஃபெக்தோ’. ஆந்த்ரேஸ் பேயோ 1847-இல் சிலேயில் வெளியிட்ட இலக்கணத்தில் இதற்கு ‘அந்தெகொப்ரெதேரித்தோ’ என்று பெயர் வைத்தார். மெக்ஸிகோ பள்ளி நூல்களில் இன்றும் அதுதான். இரண்டும் ஒன்றே.

பொலிவியா, எக்வாதோர் மலைநாட்டிலிருந்து வருகிறவர்கள் பேசினால் மட்டும் திகைக்காதீர்கள். சமைத்ததை ருசித்துவிட்டு ‘அபீயா ஸீதோ ரீக்கோ’ என்பார்கள்: ‘அட, ருசியாத்தான் இருக்கு!’ இதில் முந்திய காலம் எதுவும் இல்லை. இப்போதுதான் தெரிந்துகொண்ட வியப்பு. லா பாஸ் நகரப் பேச்சில், தான் நேரில் காணாமல் பிறர் வழி அறிந்ததைச் சொல்லவும் இந்த வடிவம் வரும். கெச்சுவா, ஐமாரா மொழிகளின் பக்கத்தில் வளர்ந்த ஸ்பானியம் அது. ஈரத் தரையைப் பார்த்துவிட்டு ‘ராத்திரி மழை பெஞ்சிருக்கு’ என்று சொல்லும் நமக்கு அந்த மனப்போக்கு அந்நியமல்ல. கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், தேர்வில் எழுத வேண்டாம்.

‘தெரிஞ்சிருந்தா வந்திருப்பேன்’ என்பதில் தமிழ் இரண்டு இடத்திலும் ‘இரு’ வைக்கிறது. ஸ்பானியமும் இரண்டு இடத்திலும் அபேர் வைக்கிறது: ஸி உபியேரா ஸபீதோ, அப்ரீயா பெனீதோ. அபீயா இங்கே உபியேராவாக உருமாறுகிறது. அதன் முழு வாய்பாடு அடுத்த அத்தியாயத்தில். இப்போதைக்கு இந்த ஒரு வாக்கியத்தை வாயில் பழக்கி வையுங்கள்.

பயிற்சி

கீழுள்ளவற்றை முதலில் நீங்களே சொல்லிப் பார்த்துவிட்டு விடையைப் படியுங்கள்.

“சாயம் போடுறவரு நேத்து வந்திருந்தாரு.” நிற்கும் நேரம் வேறொன்றும் இல்லை. ஆகவே அயேர் பீனோ எல் தின்த்தொரேரோ.

“நாங்க போறதுக்குள்ள பஸ் போயிடுச்சு.” நாங்கள் போய்ச் சேர்ந்த நேரத்தில் நின்று பின்னால் பார்க்கிறோம். குவாந்தோ யெகாமோஸ், எல் அவுத்தொபூஸ் யா அபீயா ஸலீதோ.

“பாட்டி திண்ணையில உட்கார்ந்திருந்தாங்க.” நிலை. லா அபுவேலா எஸ்தாபா ஸெந்தாதா. பெண்பால் என்பதால் ‘தா’.

“டிபன் சாப்பிட்டுட்டு தறில உட்கார்ந்தேன்.” வரிசைப்படி. தெஸயுனே இ மெ ஸெந்தே அல் தெலார்.

“நான் கேட்டப்ப சேலை இன்னும் முடியல.” ‘முடியல’ என்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம், கேட்ட நேரம் வரைக்கும் முடித்திருக்கவில்லை. குவாந்தோ ப்ரெகுந்தே, தொதபீயா நோ அபீயான் தெர்மினாதோ எல் ஸாரி.

“சரிகை வாங்கியாச்சுன்னு அண்ணன் சொன்னாரு.” ‘சொன்னாரு’ இறந்தகாலம், ஆகவே ஒரு படி பின்னால். ஆனால் ‘வாங்கியாச்சு’ யார் வாங்கியது என்று சொல்லவில்லை. ஸ்பானியத்தில் ஏதாவது ஒரு வடிவத்தைத் தேர்ந்தாக வேண்டும். அண்ணனே வாங்கினார் என்று தெரிந்தால்: மி எர்மானோ தீஹோ கே யா அபீயா கொம்ப்ராதோ எல் ஈலோ தெ ஓரோ. யார் என்று தெரியாவிட்டால் அபீயான் கொம்ப்ராதோ.